டம்ளரில் கரைந்த கஞ்சி

உன் வயிற்றுக்கு நான் ஓகே போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. மருத்துவம் படிக்காதவன், ஒரு டம்ளர் கஞ்சியையும் ஒரு சொட்டு அயோடினையும் வைத்துக்கொண்டு உனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னேன். நீ நம்பினாய். நம்பிக்கொண்டே இளைத்தாய். இப்போது நீ இல்லை.

இதை இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உன் மனைவி. காலையில் மல்லிகா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கொரட்டூர் ஸ்டேஷன் பக்கத்து மருந்துக் கடையின் பை. அதிலிருந்து அந்தச் செரிமான சிரப்பை எடுத்து, மூடியைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதானேண்ணா அவரு குடிச்சது? டப்பா மாறிப்போச்சு. ஆனா வாசனை அதேதான் கீது."

அதேதான். அன்னாசியும் ஏலக்காயும் சேர்ந்து, அடியில் லேசாகப் புளித்த மாவு போல ஒரு நெடி. உன் சட்டைப் பையில், உன் ஏப்பத்தில், உன் வீட்டு அலமாரியில் எல்லாம் இருந்த வாசனை. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"உனக்கு எதுக்கும்மா இது?"

"ரெண்டு வாய் துன்னாலே வயிறு கல்லாட்டம் ஆயிடுதுண்ணா. அதுக்கப்புறம் ஒன்னும் எறங்க மாட்டேங்குது. கேஸுதான், வேற இன்னா? அவருக்கு மூடி மேல பச்சை மார்க்கர்ல டிக் போட்டுக் குடுப்பீங்களே, அதே மாதிரி எனக்கும் போட்டுக் குடுங்க. தைரியமா குடிப்பேன்."

சாயந்திரம் வந்து சொல்கிறேன் என்று அவளை அனுப்பிவிட்டேன். பாட்டில் என் மேஜை மேல் இருக்கிறது. அவளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டிவரும். அதைத்தான் முதலில் உன்னிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நீ லேத் மெஷினில் நின்றாய். நான் இன்ஸ்பெக்‌ஷன் மேஜையில் உட்கார்ந்தேன். நீ கடைந்த ஷாஃப்ட்டுகள் தட்டு தட்டாக என்னிடம் வரும். தட்டுக்கு இரண்டை எடுத்து மைக்ரோமீட்டரில் பிடிப்பேன். சரியாக இருந்தால் தட்டின் ஓரத்தில் பச்சைச் சாக்பீஸால் ஒரு டிக். சாம்பிள் பாஸ் என்றால் மொத்த லாட்டும் பாஸ். என் உத்தியோக வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடியது. மற்ற லேத்காரர்கள் ரிஜெக்ட் போட்டால் சண்டைக்கு வருவார்கள். நீ மட்டும் வந்ததில்லை. "மாமே சொல்லிட்டான்னா அவ்ளோதான். அவன் கண்ணு அளவு கண்ணு" என்பாய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு போதை என்று உனக்குத் தெரிந்திருக்காது.

ரிட்டையர் ஆன பிறகு எனக்கு அளக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தை வாங்கி வந்து படிக்க ஆரம்பித்தேன். புரியாததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எச்சில், இரைப்பை, கணையம், நொதி என்று எல்லாம் மனப்பாடம். ஏரிக்கரையில் நாம் காலையில் நடக்கும்போது அதையெல்லாம் உன் தலையில் கொட்டுவேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்ளோ வேலை நடக்குதா உள்ள? நான் இன்னாமோ சோறு போட்டா தன்னால போயிடும்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்று சிரிப்பாய்.

நீ சோற்று ஆள். காலையில் இட்லி தின்றாலும் மேலே ஒரு கரண்டி பழையது போட்டால்தான் உனக்குச் சாப்பிட்ட கணக்கு. அப்படிப்பட்ட நீ ஒருநாள் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து வயிற்றைத் தடவிக்கொண்டே, "மாமே, சோறு துன்னா உப்பிக்குது. அப்படியே நிக்குது. யாரோ உள்ள ஒக்காந்துகினு கதவ சாத்திக்கின மாதிரி கீது" என்றாய்.

அன்றைக்கே உன்னை டாக்டரிடம் போ என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "இது மாவுச்சத்து உடையாத பிரச்சனை. உனக்கு நொதி குறைவு" என்பது. புத்தகத்தில் படித்திருந்தேன் அல்லவா.

மருந்துக் கடைக்காரர் அந்தச் சிரப்பை எடுத்துக் கொடுத்தார். சீட்டு கேட்கவில்லை. வயிறு சரியில்லை என்றால் இதைக் கொடுப்பதுதான் அவருக்குப் பழக்கம். லேபிளைப் படித்தேன். மாவுச்சத்தை உடைக்கும் நொதி அதில் இருந்தது. இருந்தாலும் லேபிளை நம்புகிறவன் இன்ஸ்பெக்டர் இல்லையே. சாம்பிள் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உனக்குத் தருவேன் என்றேன்.

உன் வீட்டுச் சமையலறையில் நடந்த அந்தக் கூத்து உனக்கு நினைவிருக்கும். மல்லிகா கெட்டியாகக் கஞ்சி வைத்தாள். இரண்டு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டோம். ஒன்றில் ஒரு ஸ்பூன் சிரப். நியாயமாக இருக்க வேண்டும் என்று மற்றதில் ஒரு ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்துக் கலக்கிப் பார்த்தால், சர்க்கரைத் தண்ணீர் போட்டது கஞ்சியாகவே இருந்தது. சிரப் போட்டது தண்ணீராக ஓடியது. காயத்துக்குப் போடும் டிஞ்சர் அயோடினைச் சொட்டுவிட்டேன். சர்க்கரைத் தண்ணீர் டம்ளர் மைபோல் கறுநீலமாக மாறியது. சிரப் டம்ளரில் நீலமே ஏறவில்லை. மாவுச்சத்து இருந்தால்தானே நீலம் ஏறும்.

நீ கை தட்டினாய். "டாய், இவன் எஸ்டேட்ல கெடக்க வேண்டிய ஆளே இல்லடா! பெரிய ஆஸ்பத்திரில கோட்டு மாட்டிக்கினு நிக்க வேண்டிய ஆளு!"

"கோட்டு இருக்கட்டும். நல்ல டம்ளர்ல டிஞ்சர ஊத்தி நாசம் பண்ணிட்டீங்களே ரெண்டு பேரும், அதுக்கு பதில் சொல்லுங்க" என்றாள் மல்லிகா.

நான் மார்க்கர் பேனாவை எடுத்து பாட்டில் மூடியில் பச்சை டிக் போட்டுக் கொடுத்தேன். மூவரும் சிரித்தோம். பிறகு ஒவ்வொரு பாட்டில் வாங்கும்போதும் அதே சடங்கு. டிக் இல்லாத பாட்டிலை நீ திறக்கவே மாட்டாய்.

இப்போதும் சொல்கிறேன், அன்று டம்ளரில் நடந்தது பொய்யில்லை. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கட்டும், அது வேலை செய்யும். என் தப்பு அங்கே இல்லை. டம்ளரை உன் வயிறு என்று எடுத்துக்கொண்டதுதான் என் தப்பு.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றையும் நான் பார்த்தேன். பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டாய்; நடக்கிறாய் அல்லவா, இளைப்பது நல்லது என்றேன். முதுகு வலி என்றாய். லேத்தில் குனிந்த முதுகு அப்படித்தான் இருக்கும் என்றேன். இந்த வயதில் புதிதாகச் சர்க்கரை காட்டியது. சோற்றைக் குறைக்காததன் பலன் என்றேன். மலம் எண்ணெயாக மிதக்கிறது, தண்ணீர் ஊற்றினாலும் போவதில்லை என்று நீ கூச்சத்தோடு சொன்னபோதும், எந்தக் கடை எண்ணெய் வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். ஒரே ஒரு அளவு நூலிழை தப்பினாலும் தட்டையே தள்ளி வைத்தவன், உன் விஷயத்தில் எத்தனை அளவு தப்பியும் பாஸ் போட்டுக்கொண்டே இருந்தேன்.

இனி மல்லிகாவுக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும்.

நாம் இருவரும் ஒரு நாள் அம்பத்தூரில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அந்த டாக்டர் உன் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஃபோனைப் பார்த்துக்கொண்டே கேஸ் மாத்திரை எழுதினார். அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது. அது நியாயமான கோபம், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் கடைசியில் தலையை நிமிர்த்தி, "எடை குறையுதுன்னு சொல்றீங்க. அடுத்த வாரம் வாங்க, ஒரு ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார். அதைச் சொன்னவர் அவர். வெளியே வந்ததும், "தொட்டுப் பாக்காதவன் ஸ்கேன் எடுக்கச் சொல்றான். காசு பிடுங்குற வேலை. நீ சிரப்பையே குடி" என்று சொன்னவன் நான்.

ஆட்டோவில் ஏறும்போது ஒரு தடவை கேட்டாய். "ஒரு தபா எடுத்துதான் பாத்துடலாமா மாமே?"

"என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?" என்றேன்.

நீ ஏறி உட்கார்ந்தாய். வீட்டுக்குப் போனதும் மல்லிகாவிடம், "டாக்டரு ஒன்னும் இல்லன்னுட்டாரு" என்றாய். என்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய் அது. அவள் இன்றுவரை அதை நம்புகிறாள். டாக்டர்தான் கோட்டை விட்டார் என்று அவரை வைகிறாள். அவள் வையும்போதெல்லாம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன்.

உன் கண் மஞ்சளான பிறகுதான் உன் பையன் சரவணன் உன்னைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கணையத்தில் கட்டி. எந்த உறுப்பு மாவுச்சத்தை உடைக்கும் நொதியைச் சுரக்கிறது என்று நான் உனக்கு ஏரிக்கரையில் பாடம் எடுத்தேனோ, அதே உறுப்பு.

அங்கே ஒரு இளம் பெண் டாக்டர் இருந்தார். வராந்தாவில் அவரை மறித்து நிறுத்தி வாதாடினேன். "அந்த சிரப் மாவுச்சத்தை உடைக்குதா இல்லையா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. என் கண்ணால பாத்தேன்."

அவர் கோபப்படவில்லை. "உடைக்கும் ஐயா. டம்ளர்ல நல்லாவே உடைக்கும். டம்ளர்ல ஆசிட் ஊத்தினீங்களா?"

"ஆசிட்டா?" என்றேன்.

"வயித்துல ஆசிட் இருக்கு. இந்த நொதி நிறைய அங்கேயே கெட்டுப்போயிடும். அதோட, கணையம் நல்லா இருக்கிறவங்களுக்கு உடம்பே வேணுங்கிறதுக்கு மேல சுரக்கும், வெளியேருந்து ஊத்தினா பெருசா எதுவும் கூடிடாது. கணையம் கெட்டவங்களுக்குத்தான் கண்டிப்பா வேணும். அதுக்குத் தனி கேப்ஸ்யூல் இருக்கு, ஆசிட்ல கரையாத உறை போட்டது, பல மடங்கு பலம். ஆனா ஒருத்தருக்கு ஏன் செரிக்கலைன்னு பாக்காம கொடுக்கிறதுல அர்த்தமே இல்ல. செரிக்காதது நோய் இல்ல ஐயா, அது நோய் கொடுக்கிற குரல்."

"முன்னாடியே வந்திருந்தா?" என்றேன்.

"சொல்ல முடியாது" என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டையும் அவர் எனக்குத் தரவில்லை.

உனக்கு அந்த உறை போட்ட கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு கொடுத்தார்கள். வயிறு கொஞ்சம் அடங்கியது. ரசம் சாதம் நாலு வாய் இறங்கியது. நீ தலையணையில் சாய்ந்துகொண்டு என்னைக் கிட்டே கூப்பிட்டாய்.

"பாத்தியா மாமே, உன் சரக்கையேதான் இவங்களும் குடுக்கறாங்க. நீ சிரப்பா குடுத்த, இவங்க மாத்திரையா குடுக்கறாங்க. அவ்ளோதான் வித்தியாசம். நீ அப்பவே சரியாத்தான் சொல்லிக்கீற."

இது அதுவல்ல, வேறு மருந்து என்று எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் டாக்டர் எனக்கு விளக்கியிருந்தார். நான் திருத்தவில்லை. "பின்ன?" என்று சொல்லிச் சிரித்தேன். செய்த எல்லாவற்றிலும் அந்த ஒரு சொல்தான் என்னை அதிகம் அரிக்கிறது. நீ எனக்கு மன்னிப்பு கொடுத்தாயா, இல்லை உண்மையிலேயே அப்படித்தான் நம்பினாயா என்று கேட்க இப்போது வழியில்லை. எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதியில்லை. வாங்கிக்கொண்டேன்.

உன் காரியம் முடிந்த அன்று பந்தலில் சரவணன் என் முன்னால் வந்து நின்றான். கத்தவில்லை. "அப்பா உங்க பேச்சைத்தான் கேப்பாரு அங்கிள். எங்க பேச்ச கேட்டதே இல்ல" என்றான்.

"அதுக்கு? நான் என்ன டாக்டரா?" என்றேன்.

அவ்வளவு நாள் டாக்டராகவே நடந்துகொண்டவன், அன்று ஒரே வாக்கியத்தில் கழன்றுகொண்டேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டான். அந்தப் பார்வைக்கு அவன்மேல் கோபித்துக்கொண்டு மாதக்கணக்கில் உன் தெருப்பக்கமே போகாமல் இருந்தேன். பெரியவனிடம் இப்படியா பேசுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மல்லிகாதான் பொங்கலுக்கு வெண்பொங்கலைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டு எடுத்து வந்து, "அவரு போயிட்டா அண்ணனும் போயிடணுமா?" என்று கேட்டாள். என்னை இன்றைக்கு உறவு சொல்லிக் கூப்பிடுகிற ஒரே வீடு உன் வீடு.

இன்று அவள் போன பிறகு, பிடிவாதம் விடாமல், மறுபடியும் கஞ்சி வைத்தேன். மூன்று டம்ளர். ஒன்றில் சிரப்பை மட்டும் விட்டேன். அது பழையபடி தண்ணீராக ஓடியது. இரண்டாவதில் சிரப்பை முதலில் வினிகரில் கலந்து ஊறவிட்டு, பிறகு கஞ்சியில் ஊற்றினேன். கஞ்சி கஞ்சியாகவே நின்றது. அயோடின் விட்டதும் கறுநீலம். மூன்றாவதில் மருந்தே இல்லை. என் எச்சிலை மட்டும் துப்பிக் கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் அதுவும் நீராக இளகிவிட்டது.

உன் வாயிலேயே இருந்ததை நான் பாட்டிலில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். உன் வயிற்றில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது யார் என்று மட்டும் பார்க்கவிடவில்லை. அன்றே இந்த மூன்று டம்ளரையும் வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வேண்டிய பதில் அன்று இரண்டு டம்ளரிலேயே கிடைத்துவிட்டது, அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மல்லிகாவுக்கு வெறும் வாயுவாகவே இருக்கலாம். இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. வேலைக்குப் போயிருந்த சரவணனுக்கு ஃபோன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான். இத்தனை காலத்துக்குப் பிறகு என் நம்பரைப் பார்த்ததும் பயந்துவிட்டான் போலிருக்கிறது. "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டான். சொன்னேன். சாயந்திரம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்றான். நானும் வருகிறேன், உங்கள் இரண்டு பேரிடமும் சேர்ந்து பேச வேண்டும் என்றேன். எதைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை.

ஆகவே, செய்ய வேண்டியவை இவை. நீ கேட்டுக்கொள்.

மல்லிகா அந்த பாட்டிலைக் குடிக்காமல் வைக்க வேண்டும். வயிறு எப்போதிலிருந்து இப்படி, எடை குறைந்ததா, வெளியே போவது எப்படி என்று எல்லாவற்றையும், ஆம்பளைங்க முன்னால் சொல்லக் கூசுவதையும் சேர்த்து, டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

சரவணன் நாளை லீவு போட வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்க்கிற டாக்டராகப் பார்த்து அவளை அழைத்துப் போக வேண்டும். ஸ்கேன் என்றால் ஸ்கேன். திரும்ப வரச் சொன்னால் திரும்பப் போக வேண்டும்.

மருந்துக் கடைக்காரர் இரண்டாவது பாட்டில் கேட்டு வருகிறவரிடம், எத்தனை நாளாக வயிறு இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அதை அவரிடம் போய்ச் சொல்வது என் வேலை. அவர் என்னைக் கிறுக்கன் என்றாலும் சரி.

அந்தக் கிளினிக் டாக்டரை இனி மல்லிகா வையக் கூடாது. வைய வேண்டிய ஆள் யாரென்று அவளுக்குத் தெரிய வேண்டும். நீ எனக்காகச் சொன்ன பொய்யை அவள் முன்னாலும் உன் பையன் முன்னாலும் நான் உடைக்க வேண்டும். நீ தடுக்கக் கூடாது.

கேட்ட பிறகு என்னை அண்ணா என்று கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். கதவைச் சாத்தினால், சாத்திய கதவுக்கு வெளியே நான் நிற்க வேண்டும்.

மணி ஐந்தாகிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியது நான்.